தரையிலே போர் நடத்திய எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ்



இங்கிலாந்து நாட்டு எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் என்றால் படித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது அவருடைய விஞ்ஞானக் கதைகள்தான். காலத்துக்குள்ளே பயணம் போகும் இயந்திரம், கண்ணுக்குத் தெரியாத மனிதன், செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து பூமியைத் தாக்கும் பிராணிகள், இப்படி எத்தனையோ கற்பனைகளை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். ஆனால் அதே மனிதர் வீட்டுத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, வர்ணம் பூசிய ஈயச் சிப்பாய்களை அணி வகுத்து, தம் பிள்ளைகளோடு போர் விளையாடினார். அந்த விளையாட்டுக்குச் சட்டதிட்டம் வகுத்துப் புத்தகமாகவும் போட்டார். இது பலருக்குத் தெரியாது. அவர் வாழ்க்கையையும் அந்த விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும்.

கடைக்காரர் வீட்டுக் கடைக்குட்டி

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், அப்போது கெண்ட் மாவட்டத்தில் இருந்த புரோம்லி என்னும் ஊரில் பிறந்தார். வீட்டில் அவரைப் பெர்ட்டி என்று கூப்பிடுவார்கள். தந்தை ஜோசப் வெல்ஸ் முதலில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். பிறகு சிறு கடை ஒன்று வைத்துப் பீங்கான் சாமான்களும் கிரிக்கெட் மட்டைகளும் விற்றார். தாயார் சாரா, திருமணத்துக்கு முன் பெரிய மாளிகையில் சீமாட்டிக்குப் பணிவிடை செய்தவர். கடையில் வியாபாரம் சுமார்தான். தந்தை கிரிக்கெட் ஆட்டத்தில் கெட்டிக்காரர். 1862-ல் ஒரு மாவட்டப் பந்தயத்தில் அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு பேரை ஆட்டமிழக்கச் செய்தவர். அந்த ஆட்டத்தில் வந்த சொற்பக் காசும் சேர்ந்துதான் குடும்பம் ஓடியது.

1874-ல் பெர்ட்டிக்கு ஏழு வயது இருக்கும்போது, பெரியவன் ஒருவன் விளையாட்டாக அவனைத் தூக்கிப் போட, பையன் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தது. பல வாரம் படுக்கைதான். ஓடி ஆடும் பிள்ளைக்கு அதைவிடத் தண்டனை உண்டா? தந்தை நூல் நிலையத்திலிருந்து புத்தகம் புத்தகமாகக் கொண்டு வந்து கொடுத்தார். பையனுக்குப் படிப்பு ருசி பிடித்துவிட்டது. முறிந்த கால்தான் தம் அதிர்ஷ்டம் என்று பிற்காலத்தில் அவர் நினைத்துப் பார்த்ததுண்டு.

1877-ல் தந்தைக்கும் கால் முறிந்தது. கிரிக்கெட் வருமானம் போயிற்று. 1880-ல் தாயார் பழைய மாளிகைக்கே வேலைக்குத் திரும்பினார். பதின்மூன்று வயதுப் பெர்ட்டி துணிக்கடைக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டான்.

துணிக்கடையிலிருந்து கல்லூரிக்கு

முதல் கடையில் நிலைக்கவில்லை. வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து 1881-ல் சவுத்சீ என்னும் ஊரில் இன்னொரு துணிக்கடை. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை. துணியை மடிக்கணும், அடுக்கணும், எடுபிடி வேலை பார்க்கணும். இரவில் மற்றப் பையன்களோடு கடைக்காரர் கொடுத்த கூடத்தில் படுக்கை. இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். தாயாரோ பையன் தொழில் கற்றுக்கொள்ள முன்பணம் கட்டியிருந்தார். விட்டுவிட்டு வந்தால் அந்தப் பணம் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறக்கூட இல்லாமல், பதினேழு மைல் நடந்து தாயாரிடம் போய்ச் சேர்ந்தான். தன்னால் இனி அங்கே இருக்க முடியாது என்று அழுது மன்றாடினான். தாயார் மனம் இரங்க நாளாயிற்று. கடைசியில் 1883-ல் ஒப்பந்தத்தை விட்டுவிடச் சம்மதித்தார். மிட்ஹர்ஸ்ட் என்ற ஊரின் பள்ளித் தலைமையாசிரியர் ஹோரஸ் பயட், பையனின் அறிவைக் கண்டு, மாணவ ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். பகலில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, இரவில் தான் படிப்பது. மறு ஆண்டே, 1884-ல், லண்டன் விஞ்ஞானக் கல்லூரியில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. வாரத்துக்கு இருபத்தோரு ஷில்லிங். அங்கே உயிரியல் கற்பித்தவர் புகழ் பெற்ற விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லி.

அதற்குப் பிறகும் பாதை நேராக இல்லை. 1887-ல் கடைசித் தேர்வில் தோற்றார். ஆசிரியர் வேலைக்குப் போன இடத்தில் பந்தாட்டத்தில் பலமாக அடிபட்டது; நெஞ்சிலிருந்து ரத்தம் வந்தது. ஆனாலும் விடாமல் படித்து 1890-ல் பட்டம் பெற்றார். உடம்பு பள்ளி வேலைக்கு இடம் கொடுக்காதபோது பேனாவை எடுத்தார். 1895-ல் வெளிவந்த கால இயந்திரம் என்ற கதை அவரை ஒரே ஆண்டில் ஊரறிந்த எழுத்தாளர் ஆக்கியது.

ஈயச் சிப்பாய் பிறந்த கதை

இனி பொம்மைப் படைக்கு வருவோம். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு நல்ல பொம்மைச் சிப்பாய்கள் ஜெர்மனியிலிருந்துதான் வந்தன. உள்ளே முழுக்க உலோகம், அதனால் கனமும் அதிகம், விலையும் அதிகம். 1893-ல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் என்ற பொம்மைத் தொழிலாளர் குடும்பம் புது வழி கண்டது. காய்ச்சிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். ஓரத்தில் உள்ளது இறுகியதும், நடுவில் இறுகாமல் இருப்பதைச் சட்டென்று வெளியே கவிழ்த்துவிடுவார்கள். மிஞ்சுவது உள்ளே கூடான சிப்பாய்! உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் மலிவு. இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான உயரம்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் கையால் வர்ணம் தீட்டுவார்கள். சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, முகத்துக்கு ஒரு நிறம், கண்ணுக்கு ஒரு புள்ளி. அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தாம் செய்தார்கள். காலாள் என்றால் எட்டுப் பேர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர் என்று சிவப்புப் பெட்டியில் கட்டி, ஏறக்குறைய ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். ஈயம் பிள்ளைகளின் உடம்புக்குக் கேடு என்பதால் 1966-ல் இங்கிலாந்தில் ஈயச் சிப்பாய் செய்வது நின்றுபோனது வேறு விஷயம்.

அப்பாவும் பிள்ளைகளும்

வெல்சுக்கு 1901-ல் ஜிப் என்ற மகனும் 1903-ல் ஃபிராங்க் என்ற மகனும் பிறந்தார்கள். கடற்கரை ஊராகிய சாண்ட்கேட்டில் அப்போது அவர்கள் வீடு. ஒருநாள் பகல் உணவுக்குப் பிறகு, விருந்தாளியாக வந்திருந்த நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம், மேசை மேல் இருந்த சிறு பொம்மைப் பீரங்கியை எடுத்துச் சிப்பாய் ஒன்றைக் குறி பார்த்துச் சுட்டார். விசையால் சிறு மரக்குச்சியை எறியும் பீரங்கி அது. நல்ல கை என்றால் ஒன்பது கஜ தூரத்திலும் குறி தப்பாது. நீ சுடு, நான் சுடுகிறேன் என்று போட்டி ஆரம்பமாயிற்று. பெரிய மனிதர்கள் தரையில் குப்புறப் படுத்துவிட்டார்கள்!

வெறும் சுடுவதோடு வெல்ஸ் நிறுத்தவில்லை. மரக்கட்டைகளால் வீடு கட்டினார். தோட்டத்துக் குச்சிகளை நட்டுக் காடு செய்தார். சாக்குக்கட்டியால் ஆறு வரைந்தார். நடுவில் திரை கட்டி, இரு பக்கமும் இரகசியமாகப் படை நிறுத்தி, பிறகு திரையை விலக்கினார். காலாள் ஒரு தடவைக்கு ஒரு அடி, குதிரைப்படை இரண்டு அடி நகரலாம். அளக்கக் கயிற்றுத் துண்டு. பீரங்கியின் பக்கத்தில் நான்கு பேராவது உயிரோடு இருந்தால்தான் சுடலாம். ஆரம்பத்தில் ஆளுக்கு ஆள் மணிக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்ததால், கடிகாரம் வைத்து நேரத்துக்கும் வரம்பு போட்டார். சம பலமுள்ள இரு கூட்டம் நேருக்கு நேர் முட்டினால் ஆளுக்கு ஆள் செத்து இரண்டுமே அழியும் என்பதும் ஒரு சட்டம்.

1911-ல் தரை விளையாட்டுகள் பற்றி ஒரு நூலும், 1913-ல் லிட்டில் வார்ஸ், அதாவது சிறு போர்கள், என்ற நூலும் எழுதினார். பின்னதற்குப் படம் பிடித்தவர் அவர் மனைவி. பன்னிரண்டு வயதிலிருந்து நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்களுக்கு ஏற்றது என்று வேடிக்கையாக அட்டையிலேயே போட்டார். பெண் பிள்ளைகளில் புத்திசாலிகளுக்கும் ஆகும் என்று சேர்த்துக்கொண்டார். இதைப் படிக்கும் நம் பள்ளிப் பெண்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமே.

இதற்கு முன்பே, 1824-லிருந்து, பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகள் வரைபடத்தின் மேல் போர்ப் பயிற்சி ஆட்டம் ஆடியதுண்டு. அது உண்மைப் போருக்குத் தயாராவதற்கு. வெல்ஸ் நினைத்தது நேர் எதிர். தரையில் விளையாடிப் பார்த்தாலே தெரியும், எவ்வளவு திட்டம் போட்டாலும் போரில் தப்பும் தவறும்தான் மிஞ்சும் என்பது அவர் வாதம். பொம்மைப் போரில் செத்தவனை எடுத்து நிறுத்தினால் மறுநாள் எழுந்து நிற்பான். அழ ஒரு தாயும் இல்லை. போர் வெறி பிடித்தவர்களை எல்லாம் ஓர் அறையில் விட்டுக் கை நிறையப் பொம்மைச் சிப்பாய்களைக் கொடுத்துவிட்டால் உலகம் நிம்மதியாக இருக்கும் என்று அந்த நூலின் முடிவில் எழுதினார்.

நிஜப் போர் வந்தது

நூல் வந்த அடுத்த ஆண்டே, 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. அப்போது வெல்ஸ் என்ன செய்தார்? இங்கேதான் நாம் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் போரை எதிர்க்கவில்லை. இதோடு போர் என்பதே ஒழிந்துவிடும் என்று நம்பிப் போருக்கு ஆதரவாக எழுதினார். 1918-ல் அரசாங்கப் பிரசாரத்திலும் வேலை பார்த்தார். அந்தப் போரில் தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் மாண்டார்கள். போர் ஒழியவில்லை. பொம்மைச் சிப்பாயை வைத்துப் பிறருக்குச் சொன்ன புத்தியை அவரே அன்று மறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். குடும்ப வாழ்விலும் அவர் மனைவிக்கு வருத்தம் தந்தவர். அறிவாளியும் தவறுவான் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

ஆனால் தவறியவர் அப்படியே இருந்துவிடவில்லை. நாடுகள் சேர்ந்து ஒரு பொது மன்றம் அமைத்தால்தான் போர் நிற்கும் என்று வாழ்நாள் முழுதும் எழுதினார். எல்லா நாட்டாரும் ஒரே மனிதகுலம் என்று காட்ட, 1920-ல் உலக வரலாற்றை எளிய நடையில் நூலாக்கினார். தமக்கு நீரிழிவு இருந்ததால், 1934-ல் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து நீரிழிவு நோயாளிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1940-ல், இரண்டாம் போர் நடக்கும்போதே, மனிதனின் உரிமைகள் பற்றி நூல் எழுதினார்.

அந்தப் போர் நம் தோட்டங்களையும் விடவில்லை. சப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராத நம்மவர் எத்தனையோ பேர். அணுகுண்டு என்ற பயங்கரத்தை வெல்ஸ் 1914-லேயே ஒரு கதையில் கற்பனை செய்திருந்தார். 1945-ல் ஹிரோஷிமாவில் அது நிஜமாகவே விழுந்த செய்தியையும் அவர் கேட்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1946 ஆகஸ்ட் 13-ல், லண்டனில் அவர் காலமானார். வயது 79.

நமக்கு என்ன?

பொம்மைப் படையை வார்த்து, வர்ணம் தீட்டி, விற்று, மேசை மேல் ஆடும் விளையாட்டு இன்று பல நாடுகளில் பெரிய தொழிலாக வளர்ந்துவிட்டது. அதற்கு மூத்த தந்தை என்று வெல்ஸைத்தான் சொல்கிறார்கள்.

பெற்றோர்களே! அவ்வளவு பெரிய எழுத்தாளர், வேலை இருக்கிறது என்று சொல்லாமல், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். அதற்குக் காசு தேவையில்லை. மரக்கட்டையும் குச்சியும் சாக்குக்கட்டியும் போதும். வேலை முடிந்து களைத்து வந்தாலும் அரை மணி நேரம் பிள்ளைங்க பக்கத்துல உட்காருங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசாகக் கையில் வாங்கும் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். படுக்கையில் கிடந்த ஒரு பையனைத் துணிக்கடையிலிருந்து கல்லூரி வரைக்கும் தூக்கி விட்டது புத்தகம்தான். விளையாட்டில் சண்டை போடுங்கள், தோற்றவனைக் கை கொடுத்துத் தூக்கி விடுங்கள். தரையில் விழுந்த சிப்பாயை எடுத்து நிறுத்தலாம். மண்ணில் விழுந்த மனிதனை யாராலும் எழுப்ப முடியாது.