கூலியாள் வேடத்தில் வந்த குருவானவர்

மன்னார்க் கரையில் வாழும் நமக்குக் குறை சொல்லக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. போர் பலருடைய வீட்டையும் தோட்டத்தையும் தின்றுவிட்டது. இவை பொய்யல்ல. ஆனால் மாலையானதும் இவற்றையே எண்ணிக் குடித்துக்கொண்டிருப்பவரையும், விடியுமுன் வள்ளம் தள்ளுகிறவரையும் உங்கள் ஊரிலேயே நீங்கள் அறிவீர்கள். இருவருக்கும் கடல் ஒன்றுதான்.

இதே கரைக்கு 1687ஆம் ஆண்டில் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரைப் புனிதர் என்று பீடத்தில் ஏற்றிவிட்டு, அவர் பட்ட பாட்டை நாம் மறந்துவிடுகிறோம்.

யோசவ் வாஸ் 1651 ஏப்ரல் 21இல் கோவாவிலுள்ள பெனவுலிமில் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். கோவா அப்போது போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்தது. வெள்ளைக் குருக்களுக்குக் கிடைத்த மதிப்பு அந்த மண்ணின் குருக்களுக்குக் கிடைக்காத காலம். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு ஆயுளைக் கழித்திருக்கலாம். அவருடைய மனமோ இலங்கையின்மேல் இருந்தது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றியபின் இங்கே கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லை. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. செபமாலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து விசுவாசத்தைக் காத்தவர்கள் நம் முன்னோர்களே.

போக விரும்பினார், ஆனால் மேலாளர் அவரை 1681இல் கன்னடக் கரைக்கு அனுப்பினார்கள். அவர் முகம் கோணவில்லை. மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்தார். திரும்பிவந்து 1685இல் ஒறற்றோரியன் குருக்கள் சபையின் தலைவரானார். பதவி கிடைத்ததும் ஆசை அடங்கிவிடுவது மனித இயல்பு. இவரோ மறு ஆண்டே பதவியைத் துறந்து, அனுமதி பெற்றுப் புறப்பட்டார். (அனுமதியில்லாமல் ஓடிய வீரம் அல்ல இது, நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

ஐரோப்பியக் குரு ஒருவர் கரையிறங்கினால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். கோவாவில் தாழ்வாக எண்ணப்பட்ட மாநிறத் தோலே இங்கே தனக்கு வழிவிடும் என்று அவர் கண்டுகொண்டார். குருவின் அங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டி, கூலியாளைப்போல வெறுங்காலுடன் தூத்துக்குடியில் மரக்கலமேறினார். துணை அருளப்பன் என்ற வேலையாள் ஒருவரே. புயலில் அலைந்த மரக்கலம் மன்னாரை அடைந்தபோது பசியாலும் தாகத்தாலும் குற்றுயிராயிருந்தார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் போனதும் கடும் வயிற்றுளைச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது.

எழுந்ததும் என்ன செய்தார்? கத்தோலிக்கர் யாரென்று அவருக்குத் தெரியாது. கேட்டால் கேட்கிறவருக்கே ஆபத்து. கழுத்தில் பெரிய செபமாலையைத் தெரியும்படி போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். சிலர் விரட்டினார்கள். சிலருடைய கண் செபமாலையில் தங்கியது. அந்த வீடுகளைக் குறித்துவைத்துக்கொண்டார். பிறகு இரவில்தான் வேலை: திருப்பலி, ஞானஸ்நானம், நோயாளர் சந்திப்பு. சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். ஒல்லாந்தரின் கெடுபிடி முற்றியபோது புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார்.

அங்கே 1692இல் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். பாவம், அவரை இரு நாட்டவரும் நம்பவில்லை! சிறையில் புலம்ப நேரமிருந்தது. அந்த நேரத்தில் சிங்களம் கற்றார். யாழ்ப்பாணத்தில் தமிழ், கண்டியில் சிங்களம். வந்த இடத்தின் மொழியைக் கற்பது தன் கடமை என்று நினைத்தாரேயன்றி, பிறர் தன் மொழிக்கு வரவேண்டும் என்று காத்திருக்கவில்லை. நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை நம்பி, நடமாட விட்டான்.

1697இல் கண்டியில் அம்மை கண்டது. நோயாளரை உறவினரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். சுவாமியாரும், கோவாவிலிருந்து வந்திருந்த அவருடைய மருமகன் யோசவ் கார்வாலோ சுவாமியும் அவர்களுக்குக் குடிசை போட்டு, கழுவி, ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. பின்னர் ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்று விலக்கினார். நடையை மாத்திரம் விடவில்லை.

24 ஆண்டுகள் இந்தத் தீவில் உழைத்து, 1711 சனவரி 16இல் கண்டியில் இறந்தார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பு காலிமுகத்திடலில் உயர்த்தினார்கள். அன்று பிற்பகலே பாப்பரசர் பிரான்சிஸ் மடு அன்னையின் பதிக்கும் வந்தார். உங்களில் பலர் வெயிலில் நின்று கண்டிருப்பீர்கள். சுவாமியாரின் கல்லறை கண்டியில் எந்த இடத்தில் இருந்தது என்பது மாத்திரம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.