புலம்பெயர்ந்தோரின் ஆயர் புனித ஸ்கலபிரினி



வட இத்தாலியின் மிலான் இரயில் நிலையம். காத்திருப்போர் கூடத்திலும், தாழ்வாரங்களிலும், வெளியே சதுக்கத்திலும் முந்நூறு, நானூறு ஏழைகள் மூட்டை முடிச்சுகளோடு நிற்கிறார்கள். முதியவர்கள், குழந்தைகளோடு தாய்மார், இளைஞர். எல்லோரும் அமெரிக்காவுக்குக் கப்பலேறப் போகிறவர்கள். சிலரை முன்பே சென்ற உறவினர் அழைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கோ எந்த ஊருக்குப் போகிறோம் என்பதே சரியாகத் தெரியாது.

இந்தக் காட்சியைக் கண்டு மனம் கலங்கியவர் பியாச்சென்சா ஆயர் ஜொவான்னி பத்திஸ்தா ஸ்கலபிரினி. 1887இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் இதை எழுதியிருக்கிறார்.

1839ஆம் ஆண்டு கோமோ நகருக்கு அருகில், எட்டுப் பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர் இவர். 36 வயதிலேயே ஆயரானார். 1879-80 குளிர்காலப் பஞ்சத்தில் தம் குதிரைகளையும் விற்றுப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். பங்குகளைச் சந்திக்கச் சென்றபோது, தம் மறைமாவட்டத்தில் ஏறத்தாழ 28,000 பேர் வெளிநாடு போய்விட்டதை அறிந்தார்.

ஏன் போனார்கள்? அமெரிக்காவிலிருந்து வந்த மலிவான கோதுமை இத்தாலிய உழவரின் விலையைச் சாய்த்திருந்தது. வரியோ குறையவில்லை. அதே வேளையில், 1888இல் அடிமை முறை ஒழிந்த பிரேசிலில் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சாவோ பவுலோ அரசே கப்பல் கட்டணத்தைக் கொடுத்தது. இடையில் நின்றவர் ஏஜென்ட். அனுப்பும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் கமிஷன். போய்ச் சேர்ந்தவன் பிழைத்தானா, இறந்தானா என்பது அவர் கணக்கில் வராது. இவர்களை மனித உடலை விற்கும் தரகர்களாகவே ஆயர் கண்டார்.

சட்டம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அது யாரைப் பிடித்தது என்பதுதான் கேள்வி. இராணுவக் கடமை முடியாத இளைஞர்கள் உரிய ஆவணமின்றி பிரான்சின் துறைமுகங்கள் வழியாக மறைவாகப் போனார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளோ, ஒப்பந்தம் செய்து கூலியாட்களைக் கொண்டுவருவதை 1885இல் தடை செய்தது. ஆகவே, வேலை எதுவும் பேசி வரவில்லை என்று துறைமுக அதிகாரியிடம் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்து ஆட்களை இறக்கினார்கள். அப்படி நுழைந்தவனின் கூலியில் மேஸ்திரி பாதியைப் பிடித்துக்கொண்டால் அவன் எங்கே போய் முறையிடுவான்? வாய் திறந்தால் முதலில் அவனையல்லவா திருப்பி அனுப்புவார்கள்! அவனது பயமே முதலாளிக்கு இலாபம். அதே காலத்தில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் கூட்டிச் சென்ற நம் கங்காணிகளின் கடன் கணக்கை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஸ்கலபிரினியின் நிலைப்பாடு தெளிவானது. பிழைப்புக்காக நாடு விட்டுப் போவது மனிதனின் உரிமை. ஆனால் ஆசை காட்டி அவனைப் போகச் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. 1888ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டம் ஏஜென்டுகளுக்கு உரிமம் தந்து அங்கீகரித்தபோது அவர் வன்மையாக எதிர்த்தார். நகரம் நகரமாகப் போய்ப் பேசினார். 1901இல் வந்த புதிய சட்டம் ஏஜென்டுகளை நீக்கியது. (அவர்களில் பலர் கப்பல் கம்பெனிகளின் பிரதிநிதிகள் என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது வேறு கதை.)

வெறும் பேச்சோடு அவர் நிற்கவில்லை. 1887இல் புலம்பெயர்ந்தோருக்கென ஒரு துறவற சபையைத் தொடங்கினார். கப்பலேறும் ஜெனோவாவிலும், இறங்கும் நியூயார்க்கிலும் ஏமாற்றுக்காரர்களுக்கு முன்பாகவே அவரது ஆட்கள் நின்றார்கள். அன்னை பிரான்சிஸ் கப்ரீனியை 1889இல் நியூயார்க் செல்லத் தூண்டியவர்களில் இவரும் ஒருவர். 1901இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும், 1904இல் பிரேசிலுக்கும் தாமே பயணமானார். உடல் நலம் குன்றியிருந்தும் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைச் சந்தித்தார்.

திரும்பி வந்தபின், இத்தாலியருக்கு மட்டுமன்றி, எல்லா நாட்டுப் புலம்பெயர்ந்தோருக்கும் திருப்பீடத்தில் ஓர் அமைப்பு வேண்டும் என்று 1905 மே மாதம் உரோமைக்கு எழுதினார். அடுத்த மாதம் முதல் நாள், ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவன்று, இறந்தார். 1912இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அதற்கென ஓர் அலுவலகத்தைத் தொடங்கினார். 2022 அக்டோபர் 9 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஸ்கலபிரினியைப் புனிதராக அறிவித்தார்.