கல்லைப் படித்த பெரியவர் புரூஸ் ஃபூட்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள் நம் பெரியவர்கள். சாலைக்குக் கொட்டுகிற சரளைக் கல் எதற்கு உதவும்? இந்திய நாட்டின் வரலாற்றைப் பல இலட்சம் ஆண்டுகள் பின்னால் கொண்டுபோக உதவியது என்றால் நம்புவீர்களா, மாணவச் செல்வங்களே? அந்தக் கல்லைக் கண்டெடுத்தவர்தான் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

இவர் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டன்காம் என்னும் ஊரில் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். எந்த மண்ணுக்கு அடியில் எந்தப் பாறை இருக்கிறது என்று நடந்து பார்த்து வரைபடம் போடுவதே அவருடைய உத்தியோகம்.

மனிதன் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகள்தாம் ஆயின என்று அக்காலத்தில் மேல்நாட்டார் பலர் எண்ணியிருந்தனர். பிரான்சு நாட்டு ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு மனிதன் செதுக்கிய கல்லும் கிடைப்பதை 1859-இல்தான் அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி ஃபூட்டின் மனத்தில் பதிந்திருந்தது.

1863 மே 30. ஃபூட்டுக்கு வயது 28. பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழி ஒன்றில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. நாமாக இருந்தால் காலால எத்திவிட்டுப் போயிருப்போம். அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் செதுக்கியிருந்தது. தானாக உடைந்த கல் அப்படி இருக்குமா? அது கற்கால மனிதனின் கைக்கோடரி!

ஒரே ஒரு கல்லைக் காட்டி ஊரை நம்ப வைக்க முடியாது. ஆகவே தேடினார். அதே ஆண்டு செப்டம்பரில் தோழர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் சென்றார். அங்கே சரளை அடுக்குக்குள்ளேயே கருவிகள் கிடைத்தன. அவ்வூர்க் கருவிகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் அறிவியலார் கணித்துச் சொன்னார்கள்.

பிறகு 1884-ஆம் ஆண்டு வாக்கில் கர்நூல் பகுதியில் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டினார். இராணுவ அதிகாரியான அவர் மகன் ஹென்றியும் அந்த வேலையில் இறங்கினார். மண்ணை அடுக்கடுக்காக அகற்ற அகற்ற, பழங்கால விலங்குகளின் எலும்புகள் வெளிவந்தன. அழிந்துபோன ஒரு காண்டாமிருக இனமும் அவற்றில் இருந்தது. கர்நூலின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

எடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் அல்லர் ஃபூட். எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்று பதிந்து வைத்தார். 1904-இல் அவருடைய சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1912 டிசம்பர் 29-இல் காலமானார். காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த ஏற்காட்டு மலைத் தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் உண்டு.

பெற்றோர்களே, தோட்டத்து உழைப்பாளர்களே! இந்தக் கதை நமக்கு எதுக்கு என்று நினைக்காதீர்கள். சோழர் கடாரம் என்று அழைத்த மண்ணில் நாம் வாழ்கிறோம். மெர்போக், பீடோங் வட்டாரத்திலே பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் அடியில் பழைய செங்கற்களும் இரும்பு உருக்கிய உலைகளும் கிடந்தன. சுங்கை பத்துவில் பதினொன்றாம் எண் சண்டி என்ற பழங்கோயிலின் அடித்தளம் நிலத்தைச் சமப்படுத்தியபோது இடிந்து போனது 2013-இல் தெரியவந்தது. போனது போனதுதான். மறுபடி கட்டலாம், அது பழசு ஆகாது.

ஆகவே பிள்ளைகளே, மண்வெட்டியில் வித்தியாசமான கல்லோ, செங்கல்லோ, பானை ஓடோ தட்டுப்பட்டால் வீசிவிடாதீர்கள். பிடுங்கியும் எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். மெர்போக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்களுக்கு அவர் தெரிவிப்பார். இடம் தெரியாத கல் ஊமைக் கல். இடம் தெரிந்த கல்லோ வரலாறு பேசும். புரூஸ் ஃபூட்டின் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம் இதுவே.