ஜேம்ஸ் ஹோர்னெல்

ஜேம்ஸ் ஹோர்னெல் (1865 - 1949) பிரித்தானிய விலங்கியலாளரும் கடல்சார் இனவரைவியலாளரும் ஆவார். தென்னிந்திய மீனவர்களின் படகுகள், கருவிகள், அவற்றின் பெயர்கள் ஆகியவற்றை ஆவணப்படுத்தியமைக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

1902 இல் இலங்கையின் முத்துக்குளிப்பை ஆய்வதற்காகப் பேராசிரியர் ஹெர்ட்மனுடன் வந்தார். பின்னர் சென்னை மாகாண மீன்வளத்துறையில் சேர்ந்து அதன் இயக்குநரானார். சங்கு குளித்தல் பற்றிய இவரது நூல் 1914 இல் வெளியானது.

மீன் எய்யும் கருவிகள்

மீனை எய்து பிடிக்கும் கருவிகளில் முனை கயிற்றுடன் பிணைக்கப்படும்; தைத்த மீன் தப்பாமல் இழுபடும். சங்க இலக்கியம் கூறும் எறியுளி இவ்வகையினது. தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகியவற்றை ஹோர்னெல் 1924 இல் ஒரே கட்டுரையில் ஆராய்ந்தார். கேரளத்தில் மீன் எய்யவும் குறுக்குவில் பயன்பட்டது. ஊதுகுழலின் தமிழ்ப் பெயரான சுங்குத்தான், மலாய் மொழியின் சும்பித்தான் என்பதை ஒத்திருப்பதால், அக்கருவி கடல்வழியே வந்திருக்கலாம் எனக் கருதினார். எழுத்துச் சான்று இல்லாத கடல் தொடர்புகளுக்குத் தொழிலாளர் வழங்கும் கருவிப்பெயரும் சான்றாகலாம் என்பதை இது காட்டுகிறது.

மறைவு

1949 இல் காலமானார். பல நாட்டு மீன்பிடி முறைகளைத் தொகுத்த இவரது நூல் 1950 இல் வெளிவந்தது.