பதுளையைத் தேர்ந்துகொண்ட ஆயர்

கண்டி ஆயர் பீடத்தில் பதின்மூன்று ஆண்டுகள் வீற்றிருந்தவர், தாமே விரும்பி வறிய, சிறிய மறைமாவட்டம் ஒன்றுக்கு வருவாரா? லியோ நாணயக்கார ஆண்டகை வந்தார்.

1917இல் பிறந்த சிங்களவர். ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1959இல் கண்டி ஆயரானார். 1972 டிசம்பரில் பதுளை தனி மறைமாவட்டமாகியபோது அதன் முதல் ஆயரானார்.

இங்கே அவருக்குக் கிடைத்த மந்தையைப் பாருங்கள். ஒருபுறம் ஊவாவின் ஏழைச் சிங்களக் கிராமத்தவர். மறுபுறம், 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கிய நம் தோட்டத் தமிழர். சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் ஒரே லயக் காம்பராவில். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. ஒரே குடும்பம் இரண்டு நாட்டுக்குப் பிரிந்தது. 1973, 1974இல் தோட்டங்களில் பசியால் மாண்டோர் பலர்.

ஆண்டகை பண்டாரவளையில் சேவக செவண என்னும் குருமடத்தைத் தொடங்கினார். குருமாணவர் கிராமத்திலும் தோட்டத்திலும் மக்களோடு தங்கிக் கற்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. படிப்பை முடித்த பின்பே மக்களிடம் அனுப்பப்பட்ட எம்போன்ற குருக்களுக்கு இது சற்று உறுத்தும் செய்திதான். அவரோடு அங்கே உழைத்த மைக்கல் ரொட்ரிகோ அடிகள், பின்னர் புத்தல அருகே ஏழைக் கிராமமொன்றில் குடியேறி, 1987 நவம்பர் 10இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆண்டகை 1982 மே மாதம் இறைவனடி சேர்ந்தார். குடியுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு கட்டியது. லயங்களோ இன்னும் நிற்கின்றன. ஊவாத் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு, தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடத்துக்கு இன்றும் காணி உறுதி கிடையாது.