விடாமல் போராடிய வில்பர்போர்ஸ்!

ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே நாம் எவ்வளவு சோர்ந்து போகிறோம்! ஒரே கோரிக்கைக்காக 18 ஆண்டுகள், திரும்பத் திரும்பத் தோற்றும் தளராத ஒருவரைப் பற்றி இன்று தெரிந்து கொள்வோமா?

அவர் பெயர் வில்லியம் வில்பர்போர்ஸ். இங்கிலாந்தில் உள்ள ஹல் என்ற துறைமுக நகரில், 1759 ஆகஸ்ட் 24ல் பிறந்தார். பணக்கார வணிகரின் மகன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குள்ளமான, மெலிந்த உடல். கண் பார்வையும் மங்கல். ஆனால், பேச எழுந்தால் அவையே அவர் வசமாகி விடும்.

கேம்பிரிட்ஜில் படித்த நாட்களில் சீட்டாட்டம், விருந்து என்று பொழுதைக் கழித்தார். 1780ல், 21 வயதிலேயே எம்.பி. ஆனார். பின்னாளில் பிரதமரான வில்லியம் பிட், இவரது உயிர் நண்பர்.

1785ல் அவர் மனதில் பெரிய மாற்றம் ஏற்பட்டது. பைபிளை ஊன்றிப் படித்தார். இத்தனை நாளும் வீணாகி விட்டதே என வருந்தினார். கடவுள் பக்தியும் அரசியலும் ஒத்து வருமா, பதவியை விட்டு விடலாமா என்று குழம்பினார். ஜான் நியூட்டன் என்ற பாதிரியாரைத் தேடிப் போய் யோசனை கேட்டார். நியூட்டன் யார் தெரியுமா? ஒரு காலத்தில் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலின் கேப்டன்! பின் மனம் திருந்தியவர். அரசியலில் இருந்தபடியே கடவுளுக்குப் பணி செய்யலாம் என்று அவர் அறிவுரை கூறினார்.

அந்தப் பணி எது என்பது விரைவிலேயே தெரிந்தது. அக்காலத்தில், ஆங்கிலேயர் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி, விலங்கு பூட்டி, கடல் கடந்து கொண்டு போயின. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் மாடுகளைப் போல வேலை வாங்கப்பட்டனர். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் ஏராளம்.

தாமஸ் கிளார்க்சன் என்பவர் ஊர் ஊராகக் குதிரையில் அலைந்து, மாலுமிகளிடம் விசாரித்து ஆதாரங்களைத் திரட்டினார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாவ்டா ஈக்வியானோ, தன் துயரக் கதையை 1789ல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு மே 12ல், அடிமை வணிகத்தை ஒழிக்கக் கோரி பார்லிமென்டில் முழங்கினார் வில்பர்போர்ஸ்.

லாபம் போய் விடுமே என்று வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் எதிர்த்தனர். 1791ல் அவரது மசோதாவுக்கு 88 ஓட்டுகள்தான் கிடைத்தன, எதிராக 163. பொதுமக்களோ அவர் பக்கம் நின்றனர். அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாம் என்று பல குடும்பங்கள் ஒதுக்கின. 1796ல் வெறும் 4 ஓட்டுகளில் தோல்வி! ஆதரவாளர்கள் சிலர் அன்று இசை நாடகம் பார்க்கப் போய் விட்டதுதான் வேதனை.

கேலிகளும் மிரட்டல்களும் வந்தன, உடலும் நலிந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. 1807 பிப்ரவரி 23ல் 283 ஓட்டுகள் ஆதரவு, 16 மட்டுமே எதிர்ப்பு! எம்.பி.க்கள் எழுந்து ஆரவாரம் செய்ய, வில்பர்போர்ஸ் கண்ணீர் வழிய அமர்ந்திருந்தார்.

இச்சட்டம் வணிகத்தைத்தான் தடுத்தது. ஏற்கனவே அடிமைகளாக இருந்தவர்கள் அப்படியே இருந்தனர். அவர்களுக்காகவும் குரல் கொடுத்தார். 1825ல் உடல்நலம் குன்றி பார்லிமென்டிலிருந்து விலகிய பின், இளையவர்கள் போராட்டத்தைத் தொடர்ந்தனர். அடிமை ஒழிப்பு மசோதா நிறைவேறப் போவது உறுதி என்ற செய்தி, 1833 ஜூலை 26ல் அவருக்கு எட்டியது. மூன்றே நாளில், ஜூலை 29ல் நிம்மதியாகக் கண் மூடினார்.

சுமார் எட்டு லட்சம் பேருக்கு அச்சட்டம் விடுதலை தந்தது. ஆனால், 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு முதலாளிகளுக்கே போனது, உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. 1838 வரை பலர் அதே தோட்டங்களில் வேலை செய்ய நேர்ந்தது. நியாயம் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

செல்வங்களே, பக்தி என்பது கண் மூடிக் கும்பிடுவது மட்டுமல்ல. எங்கோ இருக்கும், முகம் தெரியாதவர் துன்பத்துக்காகவும் கண் கலங்குவது. கலங்கியதோடு நிற்காமல், அவருக்காகக் கடைசி வரை உழைப்பது. வில்பர்போர்ஸ் வாழ்க்கை சொல்லும் பாடம் இதுதான்!