நடுக்கங்களைப் பிரித்தறிந்த மருத்துவர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரம் கைநேர்த்தியை நம்பி வாழ்வது. பதனிட்ட தோலைக் குறையில்லாத இடம் பார்த்து வெட்டுவதற்கும், அதன் ஓரத்தை மெலிதாகச் சீவுவதற்கும், காலணியின் மேல்பாகத்தை நூல் பிசகாமல் தைப்பதற்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் தோலைப் பிடித்து நகர்த்துவது கைதான். அந்தக் கை ஒருநாள் நடுங்கத் தொடங்கினால் வீட்டாரும் உடன் வேலை செய்வோரும் முதலில் உச்சரிப்பது பார்க்கின்சன் என்ற பெயரைத்தான். பலர் மருத்துவரைக் காணும் முன்பே வேலையை விட்டுவிடவும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

எல்லா நடுக்கத்துக்கும் தம் பெயர் சூட்டப்படுவதை அறிந்தால் ஜேம்ஸ் பார்க்கின்சன் வருந்தியிருப்பார். ஒரு நடுக்கம் இன்னொரு நடுக்கம் அன்று என்று எடுத்துக்காட்டியதே மருத்துவத்துக்கு அவர் தந்த கொடை.

இலண்டனின் வடகிழக்கு ஓரத்தில் அன்று சிற்றூராக இருந்த ஹாக்ஸ்டனில் 1755 ஏப்ரல் 11 அன்று அவர் பிறந்தார். அந்த நாளே இன்று உலக பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தந்தை ஜான் பார்க்கின்சன் மருந்தாளுநராகவும் அறுவை மருத்துவராகவும் இருந்தவர். அவரிடமே தொழில் பயின்ற மகன், தந்தைக்குப் பிறகு அதே தெருக்களில், அதே ஏழை மக்களிடையே வாழ்நாள் முழுவதும் மருத்துவம் பார்த்தார். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரின் விரிவுரைகளைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். கண்டதையும் கேட்டதையும் உடனே எழுதி வைக்கும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

மருத்துவர் என்றால் அரசியலில் ஒதுங்கி நிற்பவர் என்று எண்ணுவோர் அவருடைய நடுவயதைப் படித்தால் வியப்பர். பிரெஞ்சுப் புரட்சியின் அலை இங்கிலாந்தைத் தொட்ட ஆண்டுகள் அவை. வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கேட்ட இலண்டன் தொடர்புச் சங்கத்தில் பார்க்கின்சன் உறுப்பினரானார். 1792இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் தாமஸ் ஹார்டி என்னும் காலணி தைப்பவர் என்பதை ஆம்பூர்க்காரர்கள் விரும்பிக் கேட்பார்கள். கிழவர் ஹியூபர்ட் என்ற புனைபெயரில் பார்க்கின்சன் துண்டறிக்கைகள் எழுதினார். வரிச்சுமையையும் ஏழைகளின் நிலையையும் அவற்றில் காரசாரமாகப் பேசினார். 1794இல், நாடக அரங்கில் மன்னர் மூன்றாம் ஜார்ஜை நஞ்சு தோய்த்த அம்பால் கொல்லச் சதி நடந்ததாகச் சங்கத்தினர் சிலர் கைதானபோது, பிரதமர் வில்லியம் பிட் அமர்ந்திருந்த மன்றத்தின் முன் அவரும் விசாரிக்கப்பட்டார். தம்மையே குற்றத்துக்கு உட்படுத்தும் கேள்விகளுக்கு விடை தர வேண்டியதில்லை என்ற உறுதி கிடைத்த பிறகே வாய் திறந்தார். அந்த வழக்கு நிலைக்கவில்லை.

பின்னர் அவர் ஆர்வம் புதைபடிவங்களின் பக்கம் திரும்பியது. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806ஆம் ஆண்டில் அவர் தொல்லுயிர் எச்சங்கள் பற்றிய மூன்று தொகுதி நூலின் நடுவில் இருந்தார். 1807இல் இலண்டன் நிலவியல் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். வாழும் காலத்தில் அவருக்குப் பெயர் தேடித்தந்தது இந்த நூல்தான். இன்று அவர் பெயரை உலகறியச் செய்யும் சிறு நூலை அப்போது பெரிதாகப் பொருட்படுத்தியவர் குறைவு.

அந்தச் சிறு நூல் 1817இல், அவருடைய 62ஆம் வயதில் வெளிவந்தது. நடுக்குவாதம் பற்றிய கட்டுரை என்பது அதன் தலைப்பு. எழுபது பக்கங்கள்கூட இல்லை. அதில் வரும் நோயாளிகள் ஆறு பேர். முதலாமவர் ஒரு தோட்டக்காரர். இடக்கையில் தொடங்கியது அவருடைய நடுக்கம். இருவரைப் பார்க்கின்சன் தெருவில் தற்செயலாகச் சந்தித்தார். அவர்களுள் ஒருவர் மாலுமியாக இருந்தவர்; ஸ்பெயின் நாட்டுச் சிறையின் ஈரத்தரையில் பல மாதம் படுத்ததால் வந்த நோய் என்று நம்பியவர். ஐந்தாமவரைத் தொலைவிலிருந்து கண்டதோடு சரி. உதவியாளர் அவர் தோள்களைப் பிடித்து நிலைப்படுத்திவிட்டு விலக, அவர் முன்சாய்ந்து ஓட்டமாகச் செல்வதைப் பார்க்கின்சன் கண்டு குறித்துக்கொண்டார்.

ஆறு பேரில் சிலரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு நோயை வகுத்துவிட்டாரே என்று இன்றைய ஆய்விதழ்கள் முகம் சுளிக்கலாம். தொட்டுப் பார்க்காததன் விலையும் இருந்தது. தசை விறைப்பு அவர் கண்ணில் படவில்லை. நோயின் இருப்பிடத்தைக் கழுத்துப் பகுதியின் தண்டுவடத்தில் என்று தவறாக ஊகித்தார். ஆனால் பார்வையால் மட்டுமே அறியக்கூடிய ஒன்றை அவர் தவறவிடவில்லை. நூலின் ஒரு பகுதியை மற்ற நடுக்கங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவே ஒதுக்கினார். குடியால் வருவது, தேநீரும் காப்பியும் மிகுதியாகக் குடிப்பதால் வருவது, முதுமையில் வருவது ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். அந்த நடுக்கங்களில், கையைத் தாங்கலாக வைத்துத் தசைகளுக்கு வேலை கொடுக்காமல் விட்டால் நடுக்கம் அடங்கிவிடும். தாம் விவரிக்கும் நோயிலோ, கை சும்மா இருக்கும்போதுதான் ஆட்டம் முழு வலிமையுடன் தொடரும். இந்த ஒரு வேறுபாடு 200 ஆண்டுகள் கடந்தும் மருத்துவரின் அறையில் முதலில் தேடப்படுகிறது.

அவர் முதுமை நடுக்கம் என்று ஒதுக்கியதில் பெரும்பகுதி இன்று எசென்ஷியல் டிரெமர் எனப்படுவதாக இருக்க வேண்டும். 1874இல் இத்தாலிய மருத்துவர் பியெட்ரோ புர்ரெசி அந்தச் சொல்லைக் கையாண்டார். இதைத் தமிழில் அத்தியாவசிய நடுக்கம் என்று பெயர்ப்பவர்கள் உண்டு. நடுங்கியே தீர வேண்டும் என்பது போல ஒலிக்கிறது. வேறொரு நோயின் விளைவாக இல்லாமல் தானே தோன்றுவது என்பதே பொருள். தன்னியல்பு நடுக்கம் என்று சொல்லிவிடலாம். பார்க்கின்சன் நோயைவிட மிகுதியாகக் காணப்படுவது இதுதான். முதியோருக்கு மட்டுமன்றி இளையோருக்கும் வரும்.

ஒரு தையல் கூடத்தில் இவ்விரண்டும் எப்படித் தோன்றும்? தன்னியல்பு நடுக்கம் உடையவரின் கைகள் மடியில் கிடக்கையில் அமைதியாக இருக்கும். ஊசியில் நூல் கோக்கும்போதும், தேநீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோகும்போதும் ஆடும். பெரும்பாலும் இரு கைகளிலும் ஆடும். தலையும் குரலும் சேர்ந்து நடுங்கலாம். தந்தைக்கோ அத்தைக்கோ இருந்ததாக வீட்டில் யாரேனும் நினைவுகூர்வர். சிறிது மது அருந்தினால் தற்காலிகமாக அடங்கும் என்பதும் உண்மை. அதை மருந்தாக்கிக்கொண்டு குடிக்கு அடிமையானால் துன்பம் இரட்டிப்பாகும். பார்க்கின்சன் நோயோ பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். நடக்கும்போது அந்தக் கை வீசுவது குறையும். சட்டைப் பொத்தானிடுவது மெதுவாகும். சம்பளப் பதிவேட்டில் இடும் கையொப்பம் எழுத்துக்கு எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். மற்றவருடையதோ பெரிதாகவும் அலைஅலையாகவும் இருக்கும். மோப்ப உணர்வு பல ஆண்டுகள் முன்பே மங்கிவிடுவதும் உண்டு. தோல் நெடிக்கு மூக்கு பழகிவிட்டது என்று தொழிலாளர்கள் இயல்பாகச் சொல்லும் ஊரில் இந்த அறிகுறி எளிதில் மறைந்துவிடும். வீட்டுச் சமையலின் மணம் தெரிகிறதா என்று கேட்பதே பொருத்தம்.

இவற்றை வைத்து வீட்டிலேயே தீர்ப்பெழுதக் கூடாது. பார்க்கின்சன் நோயாளிகளில் பலருக்கு நடுக்கமே இருப்பதில்லை. தைராய்டு மிகுதியும், வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் கையை நடுங்க வைக்கும். காலணிப் பசையில் கலந்த ஹெக்சேன் என்ற கரைப்பான் கைகால் நரம்புகளைச் சிதைத்து மரத்துப்போகச் செய்யும்; அது வேறு நோய். பிரித்தறியாவிட்டால் இழப்பு சிறிதன்று. தன்னியல்பு நடுக்கத்துக்கு லெவோடோபா பயன் தராது. மலிவான புரோபுரனோலால் பலருக்குக் கையைத் தணித்துத் தையலைத் தொடரச் செய்யும். ஆஸ்துமா உள்ளவருக்கு அதைத் தரலாகாது.

1824 டிசம்பர் 21 அன்று பக்கவாதத்தால் பார்க்கின்சன் மறைந்தார். அவருடைய உருவப்படம் ஒன்றும் கிடைக்கவில்லை. இணையத்தில் அவர் என்று உலவும் தாடி வைத்த புகைப்படங்கள் வேறு மனிதர்களுடையவை. அவர் காலத்தில் புகைப்படக் கலையே புழக்கத்துக்கு வரவில்லை. அரை நூற்றாண்டு கழித்துப் பாரிசில் ழான் மார்டின் ஷார்கோ அந்த நூலைப் பாராட்டி, விறைப்பையும் மந்தமான அசைவையும் சேர்த்து விவரித்து, நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். லெவோடோபாவின் கதையில் நம் பங்கும் உண்டு: பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937இல் அறிவித்தவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும். அது இந்த நோய்க்கு மருந்தாக நிலைபெற மேலும் 30 ஆண்டுகள் ஆயின.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான். ஆம்பூரிலிருந்து பேருந்தில் எளிதில் போய்ச் சேரக்கூடிய தூரம் அது. ஆனால் வேலூரோ வேறு ஊரோ, மருத்துவர் முன் அமர்ந்த பதற்றத்தில் எந்த நடுக்கமும் கூடிக்காட்டும். எனவே தந்தை தொலைக்காட்சி பார்த்தபடி மடியில் கை வைத்திருக்கும்போது ஒன்றும், சொம்பிலிருந்து குவளையில் தண்ணீர் ஊற்றும்போது ஒன்றும், வாசல்வரை நடந்துபோய்த் திரும்பும்போது ஒன்றுமாக, அலைபேசியில் மூன்று காணொளிகளை எடுத்துச் செல்வது பிள்ளைகளால் இயலும். ஹாக்ஸ்டன் தெருவில் நின்று பார்க்கின்சன் கண்டதும் ஏறக்குறைய அவ்வளவே.